பழைய காருக்கு எம்பிஎஃப்ஐ இன்ஜின்: முதலில் பெட்ரோல் லைனைப் பாருங்கள்

"அண்ணே, இந்தக் கார்பரேட்டரோட மல்லுக்கட்ட முடியல. எம்பிஎஃப்ஐ இன்ஜின் ஒண்ணு தோதா கெடைச்சிருக்கு, ஏத்திரலாமா?"

பழைய மாருதி 800, ஆம்னி, ஜிப்ஸி வைத்திருப்பவர்கள் எங்கள் பட்டறைக்கு வந்து அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கார்பரேட்டர் என்பது பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பழைய கருவி. எம்பிஎஃப்ஐ என்பது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் வைத்து, கம்ப்யூட்டர் கணக்கில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை. ஆசை நியாயமானதுதான். இரண்டு பருவமழையும் கொட்டுகிற மாவட்டம் நம் கன்னியாகுமரி. ஈரக் காலையில் சோக்கை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துபோகும். கார்பரேட்டரைப் பிரித்து டியூன் பண்ணத் தெரிந்த மெக்கானிக்குகளும் குறைந்துவிட்டார்கள். இன்ஜெக்‌ஷன் இன்ஜின் என்றால் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் இன்ஜினுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஆர்.சி. விஷயத்தை முடியுங்கள். கம்பெனி கொடுத்த அமைப்புக்கும் ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம், 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே கம்பெனி, அதே வகை இன்ஜின் என்றால் ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாற்றலாம். பிரீமியர் பத்மினி காருக்குள் மாருதி ஸ்விஃப்ட் இன்ஜினை ஏற்றுவது அந்தக் கணக்கில் வராது. அனுமதி இல்லாமல் மாற்றினால் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். டிஎன் 74 வண்டி என்றால் நாகர்கோவிலிலும், டிஎன் 75 என்றால் மார்த்தாண்டத்திலும் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். கார்பரேட்டர் மாடலில் எம்பிஎஃப்ஐ ஏற்ற அனுமதி உண்டா என்பதை அவர்கள் வாயால்தான் தெரிந்துகொள்ள வேண்டும், இன்ஜின் விற்பவர் வாயால் அல்ல.

சரி, அனுமதி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எல்லோருடைய கவனமும் மவுண்டிங் பொருந்துமா, கியர் பாக்ஸ் சேருமா என்பதிலேயே இருக்கும். அதெல்லாம் வெல்டரும் லேத்காரரும் பார்த்துக்கொள்கிற வேலை. எனக்குப் பயம் பெட்ரோல் லைனில்தான்.

கார்பரேட்டருக்குப் பெட்ரோல் ஏற்றும் டயாபிரம் பம்பு கொடுக்கும் அழுத்தம் 3 முதல் 5 பி.எஸ்.ஐ. இன்ஜெக்டருக்கு வேண்டியது 40-க்கும் மேல். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைவிட அதிகம். பழைய வண்டியின் ரப்பர் ஹோஸும் திருகுக் கிளிப்பும் இந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. போதாக்குறைக்கு, இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் ஊறி உப்பும், அப்புறம் காய்ந்து வெடிக்கும்.

குலசேகரம் பக்கமிருந்து ஒரு ஆம்னி வந்தது. வேறொரு இடத்தில் இன்ஜின் மாற்றியிருந்தார்கள். "சீட்டுக்கடியில பெட்ரோல் மணக்குது" என்பதுதான் புகார். ஆம்னியில் இன்ஜின் இருப்பதே முன் சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கி, சாவியை ஆன் செய்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் 'ரயில்' என்ற குழாயில் பழைய கார்பரேட்டர் ஹோஸையே மாட்டியிருந்தார்கள். ஒழுகாமல் இருக்கக் கிளிப்பை முறுக்கு முறுக்கென்று முறுக்கியதில் அதன் பல் ரப்பரை அறுத்திருந்தது. அந்த வெட்டில் பெட்ரோல் துளித்துளியாகக் கசிந்தது. ஒரு சாண் தள்ளி எக்ஸாஸ்ட். அந்த வண்டியில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அதைவிட மோசமான ஒன்றும் அதில் இருந்தது. பெட்ரோல் பம்புக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் ரிலே சுவிட்ச் இல்லை. சாவியிலிருந்து நேராக ஒயர் இழுத்திருந்தார்கள். கம்பெனி வண்டியில் பம்பு, ஈசியூ என்ற இன்ஜின் கம்ப்யூட்டரின் கட்டுப்பாட்டில் இருக்கும். இன்ஜின் சுற்றுவதை கிராங்க் சென்சார் சொல்லிக்கொண்டே இருக்கும் வரைதான் ரிலே பிடிக்கும். மோதி இன்ஜின் நின்றால் அடுத்த சில விநாடிகளில் பம்பும் நின்றுவிடும். நேரடி ஒயரிங்கில் இன்ஜின் நின்றாலும் பம்பு நிற்காது. ஹோஸ் அறுந்து, ஓட்டியவர் மயங்கிக் கிடந்தாலும், சாவி ஆனில் இருக்கும் வரை சூடான இன்ஜின்மேல் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும்.

ஆகவே இன்ஜினை மட்டும் வாங்காதீர்கள். ஈசியூ, முழு ஒயரிங், சென்சார்கள், ரிலே பாக்ஸ், டேங்குக்குள் இருக்கும் பம்பு, இமொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத அமைப்பு) உள்ள வண்டி என்றால் அதன் சாவி, எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். கனெக்டரை வெட்டி எடுத்த ஒயரிங்கைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். ஹோஸும் கிளிப்பும் இன்ஜெக்‌ஷனுக்கென்றே வருகிறவற்றைப் புதிதாகப் போடுங்கள். பழைய டேங்கின் துரு பம்பு வலையை அடைக்கும். டேங்கில் தடுப்பு இல்லையென்றால் பேச்சிப்பாறை போகும் வளைவுகளில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கி, பம்பு காற்றை உறிஞ்சி, வண்டி விக்கும்.

எர்த் பற்றியும் சொல்ல வேண்டும். இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருப்பதால், இன்ஜினிலிருந்து பாடிக்கும் பேட்டரிக்கும் தடித்த எர்த் பட்டை போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் பாய்ந்து கேபிளே சூடாகும். சென்சாரும் தப்புத் தப்பாக ரீடிங் கொடுக்கும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் வண்டி நின்றால் உப்புக் காற்றில் கனெக்டர் பச்சை பூக்கும். அங்கே ஈசியூவைத் தரையோரம் வைக்காமல் டேஷ்போர்டுக்குள் உயரமாக மாட்டுங்கள். பிரேக்கும் கூடிய வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். முன்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வண்டியில் பெரிய இன்ஜின் ஏற்றுவதற்கு நான் ஒப்புக்கொள்வதில்லை.

ஏற்கெனவே இன்ஜின் மாற்றிய வண்டியை வாங்கியிருப்பவர்கள் இன்றைக்கே இரண்டு காரியம் செய்யுங்கள். இன்ஜின் நம்பரை ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். பொருந்தாவிட்டால் இன்சூரன்ஸ் கிளெய்ம் சிக்கலாகும். அடுத்து, அமைதியான இடத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து டேங்க் பக்கம் காது கொடுங்கள். பம்பு இரண்டு மூன்று விநாடி முனகிவிட்டு நிற்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் சாவியை ஆஃப் செய்து, பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றி வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ரிலே ஒயரிங் சரியாகும் வரை வண்டியை எடுக்க வேண்டாம்.