கிழிந்த கொடியை எரிக்காதீர்கள், கறுப்புப் பை போதும்

போன வாரம் எங்கள் பேட்டையில், சீனர்கள் ஏழாம் மாதத்தில் முன்னோருக்காகக் காகிதம் எரிக்க வைத்திருக்கும் இரும்புத் தொட்டியைச் சுத்தம் செய்யப் போன ஊழியர் என்னைக் கூப்பிட்டார். சாம்பலுக்கு நடுவே சிவப்பும் வெள்ளையுமாக ஏதோ உருகி, கட்டிதட்டி, அடியில் ஒட்டிக்கிடந்தது. சுரண்டியும் வரவில்லை. ஓரத்தில் ஒரு நட்சத்திரம் மட்டும் கருகாமல் இருந்தது. நம் சிங்கப்பூர்க் கொடி.

எரித்தவர் எனக்குத் தெரிந்த பெரியவர்தான். "கிழிஞ்ச கொடிய எரிக்கத்தான் வேணும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு தம்பி" என்றார். மரியாதை என்று நினைத்துத்தான் செய்திருக்கிறார். கோபித்துக்கொள்ள மனம் வரவில்லை. ஆனால் இந்த ஆண்டில் இது மூன்றாவது.

அந்தச் செய்தி இந்தியக் கொடியைப் பற்றியது. சேதமான கொடியைத் தனியிடத்தில், கூடுமானால் எரித்து, முழுமையாக அழிக்கச் சொல்வது இந்தியாவின் 2002 கொடி விதித்தொகுப்பு. அமெரிக்காவிலும் எரிப்பதே வழக்கம். நம் சிங்கப்பூர்க் கொடிக்கு வழி வேறு. கறுப்புக் குப்பைப் பையில் வைத்து, வாயை நன்றாக மூடி, வெளியே தெரியாதபடி போட வேண்டும். அவ்வளவுதான்.

"குப்பையில் போடுவதா?" என்று பதறுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். திறந்த தொட்டியில், மீன் செதிலோடும் காப்பித் தூளோடும் எல்லார் கண்ணிலும் படக் கிடந்தால் அது அவமதிப்பு. மூடிய பையில் போவது அவமதிப்பே இல்லை. அந்தப் பையும் கடைசியில் எரியாலைக்குத்தான் போகிறது, சாம்பல் அதைக் கொட்டும் இடமான செமாக்காவ் தீவுக்குப் போகிறது. எரியாலையில் புகையை வடிகட்ட ஏற்பாடு இருக்கிறது. அடுக்குமாடி புளோக் அடியில் பாலியெஸ்டர் கொடியைக் கொளுத்தினால் அந்தப் புகை இரண்டாம் மாடிக் கைக்குழந்தையின் மூச்சில்தான் போகும்.

இன்னும் சிலர், எப்படிக் கழிப்பதென்று தெரியாமல் கொடியை அப்படியே தொங்கவிடுகிறார்கள். ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை வீட்டில் கொடி பறக்கவிடலாம். சரி, ஆனால் மூன்று மாத வெயிலில் சிவப்பு வெளிறி, ஓரம் நூல் நூலாகப் பிரிந்தபின் அது தாழ்வாரத்தில் எதற்கு? கிழிந்த, அழுக்கான கொடியைப் பறக்கவிடுவதும் தவறுதான். இப்போதே போய் ஓரத்தைப் பாருங்கள். அழுக்கு மட்டும் என்றால் துவைத்து, வீட்டுக்குள் காயவைத்து, மடித்து வையுங்கள். அடுத்த தேசிய தினத்துக்கு ஆகும்.

அப்புறம், கம்பைக் கழற்றாமல் பையைக் குப்பைக் குழாயில் திணிக்காதீர்கள். பாதி வழியில் சிக்கினால், எங்கள் ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு குத்தித் தள்ள வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் அணிவகுப்பிலிருந்து கொண்டுவரும் கைக்கொடிகளையும் சேர்த்தே பையில் போடுங்கள். கறுப்புப் பை வீட்டில் இல்லையென்றால் கீழே கூட்டிக்கொண்டிருக்கும் எங்கள் ஊழியரிடம் கேளுங்கள், ஒன்று தருவார்.