கணப்பு மூட்டினால் புகை ஏன் வீட்டுக்குள் வருகிறது?

நுவரெலியாவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் மட்டும்தான் பங்களாவில் கணப்பு மூட்டுகிறோம். முதல் கால்மணி நேரம் புகையெல்லாம் வீட்டுக்குள்தான். சிம்னியைச் சுத்தம் பண்ணியும் அதே கதை. ஏன்?"

சிம்னி எதையும் உறிஞ்சுவதில்லை. உள்ளே சூடான, இலேசான காற்று. வெளியே அதே உயரத்துக்குக் குளிர்ந்த, கனமான காற்று. கனமானது அறை வழியாக நுழைந்து இலேசானதை மேலே தள்ளுகிறது, அவ்வளவுதான். 6 மீற்றர் சிம்னி, உள்ளே 150 பாகை செல்சியஸ், வெளியே 5 பாகை என்று கணக்குப் போட்டால், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் கிடைப்பது ஏறத்தாழ 20 பஸ்கால். 2 மில்லிமீற்றர் ஆழத் தண்ணீரின் அழுத்தம்! மலையில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், கடல் மட்டத்தில் கிடைக்கும் தள்ளுவிசைகூட இங்கே இல்லை.

இவ்வளவு மெலிந்த விசையைத் தலைகீழாக்குவது சுலபம். வெளிச்சுவரோடு ஒட்டிக் கட்டிய சிம்னி, நாட்கணக்கில் மூட்டாமல் கிடந்தால் அறையைவிடக் குளிர்ந்துவிடும். அப்போது அதற்குள் நிற்கும் காற்றே கனம்; கீழே இறங்கி அறைக்குள் வரும். விறகை அடுக்குமுன் டேம்பரை (சிம்னி வழியைத் திறந்து மூடும் தகட்டை) முழுக்கத் திறந்து, சிம்னித் தொண்டைக்குக் கீழே ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உங்கள் பக்கம் சாய்ந்தால், இரண்டு மூன்று பத்திரிகைத் தாள்களை இறுக்கிச் சுருட்டிக் கொளுத்தி, தொண்டைக்குள் உயர்த்திப் பிடியுங்கள். புகையின் திசை மாறிய பிறகே விறகுக்கு நெருப்பு.

இன்னொன்று: வீடே ஒரு சிம்னி. மேல்மாடி ஜன்னல் திறந்திருந்தால் சூடான காற்று அந்த வழியே ஏறும்; அதை ஈடுகட்ட, சிம்னி வழியாகக் காற்று இறங்கும். மேலே மூடி, கணப்பு அறையில் காற்று வீசும் பக்கத்து ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறவுங்கள்.

பச்சை விறகின் எடையில் பாதி தண்ணீர். நெருப்பின் சூடு அதை ஆவியாக்கவே போகும். குளிர்ந்த புகையிலுள்ள தார் சிம்னிச் சுவரில் படியும். படிவு 3 மில்லிமீற்றரைத் தொட்டால் சுரண்டியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் ஒருநாள் சிம்னிக்குள்ளேயே தீப்பிடிக்கும். ஜனவரிக்கான யூக்கலிப்டஸ் விறகை முந்தைய பெப்ரவரி, மார்ச் வெயிலிலேயே பிளந்து கூரைக்குக் கீழே அடுக்குங்கள். காய்ந்த கட்டைகள் இரண்டைத் தட்டினால் 'டங்' என்று கேட்கும். ஈரக்கட்டை 'தொப்'பென்று அடங்கிவிடும். தேயிலைச் செடியில் வெட்டிக் கழித்த கவ்வாத்து மிலாறு சீக்கிரம் காயும், சீக்கிரம் எரிந்தும் போகும். பற்றவைக்க மட்டும் நல்லது.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயக் காம்பராவில் சிம்னி இல்லையே என்று தணலை இரும்புச் சட்டியில் அள்ளி உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவது உயிரோடு விளையாட்டு. புகை வராத கரி ஆபத்தில்லை என்று நினைப்பதுதான் தப்பு. தணலிலிருந்து வரும், மணமும் நிறமும் இல்லாத காபனோரொட்சைட்டு வாயு, இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், பிறகு தூக்கம். கணப்பிலும் இதே கதைதான்: சூடு வெளியே போகிறதென்று தணல் இருக்கும்போதே டேம்பரை மூடாதீர்கள். சாம்பலைக் கிளறிப் பார்த்து, சிவப்பு ஒரு பொட்டும் இல்லையென்றால் மட்டும் மூடுங்கள்.