ஒரு திரைப்படமும் மின் அதிர்வு சிகிச்சை மீதான அச்சமும்

மூளையில் சிறிதளவு மின்சாரம் செலுத்தி அளிக்கும் மின் அதிர்வு சிகிச்சை என்று சொன்னதுமே நோயாளிகளின் குடும்பத்தினர் பலருக்கு நினைவில் எழுவது ஒரு திரைக்காட்சிதான்: பலர் அழுத்திப் பிடித்திருக்க, முழு நினைவோடு உள்ள ஒருவர் வாயில் ரப்பர் துண்டைக் கவ்வியபடி துடிக்கிறார். மிலோஷ் ஃபோர்மன் இயக்கத்தில் 1975இல் வெளிவந்த 'ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்' படத்தின் காட்சி அது. மனநல மருத்துவன் என்ற முறையில் இப்படத்தைத் தவிர்க்குமாறு நான் யாரிடமும் சொல்வதில்லை. அதில் எது குறியீடு, எது மருத்துவம் என்று பிரித்துப் பார்க்கும்படியே கேட்டுக்கொள்கிறேன்.

1963இல் நடக்கும் இக்கதை, அமெரிக்காவின் ஒரிகன் மாநில மனநல மருத்துவமனையிலேயே படமாக்கப்பட்டது. அதன் கண்காணிப்பாளராக இருந்த டீன் புரூக்ஸ்தான் படத்திலும் மருத்துவராக வருகிறார். இத்தகைய நம்பகத்தன்மையால், குறியீடாக வைக்கப்பட்டவற்றையும் ஆவணம் என்றே நம்பிவிடுகிறோம்.

நோயாளிகளின் பிரிவை நடத்தும் செவிலி ராட்செட் குரலை உயர்த்துவதே இல்லை. விதிமுறை, அட்டவணை, கூட்டுச் சிகிச்சை என்ற ஒழுங்கான சொற்களைக் கொண்டே ஆள்கிறார். அவருக்கும் நோயாளிகளுக்கும் நடுவே நிற்கும் கண்ணாடித் தடுப்பைக் கதாநாயகனான நோயாளி மெக்மர்ஃபி உடைப்பது வெறும் சிகரெட்டுக்காக மட்டுமல்ல. ஆனாலும் படத்தின் மையம் வேறிடத்தில் இருப்பதாக நான் கருதுகிறேன். அங்கிருப்பவர்களில் பெரும்பாலோர் தாமாகவே வந்து சேர்ந்தவர்கள், விரும்பினால் வெளியேறலாம் என்று மெக்மர்ஃபி அறியும் தருணமே அது. வெளியுலகை அஞ்சி உள்ளேயே தங்கிவிட்டவர்களுக்குப் பூட்டு தேவைப்படவில்லை. இளம் நோயாளி பில்லியின் திக்குவாய் ஒரு பெண்ணோடு ஓர் இரவு கழிந்ததும் மறைந்து, 'உன் தாயிடம் சொல்வேன்' என்ற ராட்செட்டின் மிரட்டலில் மீண்டும் வந்துவிடுகிறது. அவமான உணர்வு ஒரு மனிதனை எவ்வளவு விரைவில் ஒடுக்கும் என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய காட்சிகள் குறைவு. நோயாளியைக் கடிந்து திருத்த முயலும் உறவினர்கள் கவனிக்க வேண்டிய இடமும் இதுவே.

கைகலப்புக்குப் பிறகு மெக்மர்ஃபிக்குத் தரப்படும் மின் அதிர்வு, கதையில் தண்டனையின் குறியீடு. இறுதியில் வரும் மூளை முன்மடல் அறுவையும் அதே வரிசையில் வைக்கப்படுவதால் இரண்டும் ஒன்றே எனப் பலர் எண்ணுகின்றனர். 1935இல் போர்ச்சுகீசிய நரம்பியல் மருத்துவர் எகாஸ் மோனிஸ் தொடங்கிவைத்த அந்த அறுவைக்கு 1949இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் 1950களில் புதிய மருந்துகள் வந்தபின் அது படிப்படியாகக் கைவிடப்பட்டது. 1938இல் ரோமில் அறிமுகமான மின் அதிர்வு சிகிச்சையோ மாற்றங்களோடு நிலைத்தது. இன்று முறைப்படி செய்யும்போது, மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் தரப்பட்ட பின்னரே அது அளிக்கப்படுகிறது. உணவையே மறுக்கும் அளவுக்கு முற்றிய மனச்சோர்விலும், உடல் அசைவற்று உறையும் கட்டடோனியா நிலையிலும் அது உயிர்காக்கும்.

பக்கவிளைவே இல்லை என்று சொல்வதும் தவறு. சிகிச்சைக் காலத்தை ஒட்டிய நினைவுகள் மங்கலாம். பெரும்பாலும் மீண்டாலும், சிலருக்குச் சில நினைவுகள் திரும்புவதில்லை. ஒப்புதல் கையெழுத்திடும் முன் மருத்துவரிடம் விரிவாகக் கேட்டறிய வேண்டியது இதைத்தான்.