ஞானப்பல் எடுத்த மூன்றாம் நாள்

பல் எடுத்த அன்று யாரும் என்னைத் திட்டுவதில்லை. உதடு மரத்திருக்கும், வாயில் பஞ்சைக் கடித்திருப்பார்கள், "அவ்வளவுதானா டாக்டர்?" என்று குழறலாகக் கேட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். திட்டு வருவது மூன்றாம் நாள். "நேத்தைவிட இன்னைக்கு வீக்கம் ஜாஸ்தியா இருக்கு, வாயே திறக்க முடியல. உள்ளே ஏதாவது விட்டுட்டீங்களா?"

எதையும் விட்டிருக்க மாட்டேன். எலும்பைச் செதுக்கி எடுத்த பல் என்றால் வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும், அப்புறம்தான் வடியத் தொடங்கும். தாடைத் தசை இறுகிக்கொள்வதால் ஒரு வாரம்வரை வாய் சரியாகத் திறக்காமல் இருக்கலாம். முன்கூட்டியே இதைச் சொல்லியிருந்தால் அந்த போன் வந்திருக்காது. அதனால், வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் குறிப்புத் தாளின் முதல் வரியே இப்போது இதுதான்.

அந்தத் தாள், தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சீனியரிடம் வாங்கி அப்படியே நகல் எடுத்தது. புதுப்புது ஆய்வுகள் வர வர, அதில் பல வரிகளை அடித்திருக்கிறேன், சிலவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

தாளுக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இந்தப் பல்லை எடுத்தே ஆக வேண்டுமா? பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கும் பல் இது. உலக அளவில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஒரு ஞானப்பல்லாவது உருவாவதே இல்லை. ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஒன்றாவது எலும்புக்குள்ளோ ஈறுக்குள்ளோ புதைந்து கிடக்கிறது. புதைந்திருந்தாலே எடுத்துவிடுவது என்றுதான் ஒரு காலத்தில் வழக்கம். 2000ஆம் ஆண்டில், பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு அதை நிறுத்தச் சொன்னது. நோய் ஏதும் இல்லாத புதைந்த பல்லில் கைவைக்காதீர்கள் என்றது. 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் என்ற சர்வதேசக் குழு கிடைத்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்துவிட்டு, எடுப்பது நல்லதா விடுவது நல்லதா என்று அடித்துச் சொல்லப் போதிய சான்று இல்லை என்று முடித்தது.

பிரிட்டனில் அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். பல் எடுப்பது முதலில் குறைந்தது, சில ஆண்டுகளில் மறுபடி ஏறியது. எடுத்துக்கொள்ள வந்தவர்களின் சராசரி வயது 25இலிருந்து 32ஆகக் கூடியிருந்தது. சொத்தை வந்த பிறகு வந்தவர்களும் அதிகம். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. சாய்ந்து முளைத்த ஞானப்பல், முன்னால் நிற்கும் கடைவாய்ப்பல்லின் முதுகில் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த இடுக்கில் பிரஷ் நுழையாது. எக்ஸ்ரேயைப் பெரிதாக்கினால், முட்டும் இடத்துக்குக் கீழே பிறை போல ஒரு கறுப்பு நிழல் தெரியும்; முன்பல்லில் விழுந்த சொத்தை அது. ஞானப்பல் போனால் போகட்டும், அது பக்கத்துப் பல்லையும் அல்லவா கூட்டிக்கொண்டு போகிறது! வலியில்லாத பல்லை எடுக்கச் சொல்லி நான் யாரையும் நெருக்குவதில்லை. ஆனால் விட்டு வைப்பவர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் வந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

"இது தள்ளித்தான் முன்பல்லெல்லாம் கோணிப்போச்சு" என்று பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோருக்கு ஒரு வரி: அந்தக் காரணத்துக்காக எடுக்க வேண்டியதில்லை, ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை.

இனி தாள். நான் அடித்த முதல் வரி ஆன்டிபயாட்டிக் பற்றியது. பல் எடுத்த எல்லோருக்கும் ஐந்து நாள் மாத்திரை என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிய காலம் உண்டு. ஆரோக்கியமானவர்களில் 19 பேருக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால்தான் ஒருவருக்கு வரவிருந்த தொற்று தடுக்கப்படுகிறது என்பது காக்ரேன் கணக்கு. மற்ற 18 பேரும் வீணாக விழுங்குகிறார்கள். சர்க்கரை நோயாளி, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், முன்பே சீழ் பிடித்தவர் என்றால் வேறு கணக்கு. மற்றவர்கள் மாத்திரை எழுதவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டுதான் போகிறார்கள். போகட்டும்.

வலி மாத்திரையில்தான் அண்மையில் நல்ல செய்தி. ஓபியாய்டு வகை மாத்திரைதான் (அபின் குடும்பத்து வலி மருந்து) பலமானது என்று ஒரு நினைப்பு இருந்தது. புதைந்த ஞானப்பல் எடுத்த 1,800க்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் நடத்திய சோதனையின் முடிவு 2025 தொடக்கத்தில் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு ஓபியாய்டு கலந்த மாத்திரை, இன்னொரு பிரிவுக்கு இபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும். வலி கடுமையாக இருக்கும் முதல் இரண்டு நாளில் இரண்டாம் பிரிவினருக்கே வலி குறைவு. சாதாரண மாத்திரை இரண்டு சேர்ந்து பெரிய மாத்திரையை ஜெயித்துவிட்டது. மரப்பு முழுசாக விடும் முன்பே முதல் வேளையைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறேன். வலி ஏறிவிட்டால் பிடிப்பது கஷ்டம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் இபுப்ரோஃபெனைத் தொடும் முன் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

எதிர்பார்த்த வலி ஒன்று, எதிர்பாராத வலி ஒன்று. டிரை சாக்கெட் இரண்டாவது ரகம். பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு மூடி போல உட்கார வேண்டும். கீழே எலும்பு ஆறுவது அதன் பாதுகாப்பில்தான். அந்த உறைவு கரைந்தோ பெயர்ந்தோ போய்விட்டால் எலும்பு வெறுமனே காற்றுப்பட நிற்கும். சிறிய கண்ணாடியை உள்ளே பிடித்துப் பார்த்தால் சிவப்புக்குப் பதில் சாம்பல் வெளுப்பில் வெற்றுக் குழி, கூடவே ஒரு துர்நாற்றம். குறைந்துகொண்டு வந்த வலி, மூன்றாம் நாள் வாக்கில் திடீரென்று திரும்பிக் காதுவரை இழுக்கும். மாத்திரைக்கு அவ்வளவாக அடங்காது. கீழ்த்தாடை ஞானப்பல்லில்தான் இது அதிகம்; சில ஆய்வுகளில் 30 சதவீதம் வரைகூடப் பதிவாகியிருக்கிறது. புகைப்பவர்களுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் வாய்ப்பு கூடுதல். பல் எடுக்கும் முன்னும் பின்னும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கொண்டு கொப்பளிப்பதும், குழியில் அதன் ஜெல்லை வைப்பதும் இதைக் குறைக்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. முதல் நாள் மட்டும் எதையும் வேகமாகக் கொப்பளிக்க வேண்டாம். புகையைப் பற்றிய வரி என் தாளில் பெரிய எழுத்தில் இருக்கிறது. அப்படியும் வாசலில் இறங்கியதும் பற்ற வைத்தவரை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். நான்காம் நாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

நரம்பைப் பற்றிப் பயப்படுபவர்கள் அதிகம். கீழ் உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு சிலருக்குப் பல் வேரை ஒட்டியே ஓடும். எக்ஸ்ரேயில் அப்படித் தெரிந்தால், மேல் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து வேரை உள்ளேயே விட்டுவிடும் வழி இருக்கிறது. கொரோனெக்டமி என்று பெயர். மரப்பு நிரந்தரமாகத் தங்குவது நூறில் ஒருவருக்கும் குறைவு என்றாலும், கையெழுத்து வாங்கும் முன் இதை வாய்விட்டுச் சொல்லாத டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.

நாக்கின் சுவை போய்விடுமோ என்று கேட்பவர்களுக்கு ஒரு வேடிக்கை. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஞானப்பல் எடுத்துப் பல வருஷம் ஆனவர்களுக்குச் சுவை உணர்வு மற்றவர்களைவிட 3 முதல் 10 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது.

இப்போதெல்லாம் மூன்றாம் நாள் காலையில் நானே போன் செய்துவிடுகிறேன். "வீக்கம் இருக்கு, வாய் திறக்கல, வலி நேத்து மாதிரிதான்" என்றால் தாளின் முதல் வரியைப் படிக்கச் சொல்லி வைத்துவிடுவேன். "நேத்து பரவாயில்லாம இருந்துச்சு, ராத்திரியிலேர்ந்து காது வரைக்கும் இழுக்குது" என்றால் அன்றைக்கே கிளம்பி வரச் சொல்கிறேன். மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமம், கழுத்துக்கு இறங்கும் வீக்கம், காய்ச்சல் என்றால் என் போனுக்காகக் காத்திருக்கவே கூடாது.