கொடைக்கானலில் நீலகிரி ராபினைத் தேடாதீர்கள்

இந்த ஜனவரியில் மட்டும் எனக்கு வந்த நான்காவது வாட்ஸ்அப் இது. "சார், கொடைக்கானல்ல நீலகிரி ப்ளூ ராபின் கிடைச்சிருக்கு!" கூடவே மங்கலாக ஒரு படம். சோலைத் தரை, ஈரச் சருகு, நடுவில் நீலமும் ஆரஞ்சுமாக ஒரு குருவி.

கிடைக்காதுங்க. நீலகிரி ப்ளூ ராபின் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே வாழ்வது. கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடர் தெற்கே இருக்கிறது. இங்கே உள்ளது வெள்ளை வயிற்று ப்ளூ ராபின். இரண்டும் மலைச் சோலையை விட்டு இறங்காதவை. நடுவே கிடக்கும் 30 கிலோமீட்டர் சமவெளியைக் கடந்து ஒன்று மற்றதன் மலைக்கு வராது. பழைய கையேடுகளில் இரண்டையும் ஒரே 'ஷார்ட்விங்' என்று போட்டிருப்பார்கள், பாதிக் குழப்பம் அங்கிருந்துதான். 2017-ல் இவற்றுக்குச் சோலிகோலா என்று தனிப் பேரினமே வைத்தாகிவிட்டது. நம்ம 'சோலை'தான் அந்தப் பெயரில் இருக்கிறது.

அப்படியானால் படத்தில் அந்த ஆரஞ்சு? அது இமயமலையிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் இந்திய ப்ளூ ராபின். ஆண் பறவைக்குத் தொண்டையிலிருந்தே ஆரஞ்சு, கண்ணுக்கு மேல் பளிச்சென்று வெள்ளைக் கோடு. நீலகிரிப் பறவைக்குத் தொண்டையும் மேல்மார்பும் நீலம், ஆரஞ்சு விலாப்பக்கம்தான், வயிற்று நடுவே வெள்ளை. நம் பழனிப் பறவைக்கு விலாவும் நீலச்சாம்பல். ஆரஞ்சு மருந்துக்கும் கிடையாது.

இனம் பார்ப்பதற்காக, பதிவு செய்த பறவைப் பாட்டை ஸ்பீக்கரில் போட்டு, பறவையை வெளியே இழுப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. போன மே மாதம் ஒரு சோலை ஓரம், ஓடைக்குப் பக்கத்தில் ஒருவர் ப்ளூடூத் ஸ்பீக்கரை வேரடியில் வைத்திருந்தார். எதிரி வந்துவிட்டதென்று பறவை பாதைக்கே ஓடி வந்தது, அலகில் ஒரு புழு. குஞ்சுக்கு எடுத்துப் போவதை விழுங்கவும் மனமில்லை, கொண்டுபோகவும் பயம். பத்து நிமிடம் அப்படியே நின்றது. கேட்டால், "விலா தெரியணும் சார், அப்பத்தானே எந்த இனம்னு சொல்ல முடியும்?" கொடைக்கானலில் நின்றுகொண்டு! எந்த மலை என்பதே விடை அல்லவா? ஊட்டியிலும் இதே கதைதான், இனம் மட்டும் மாறும்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை கூடு வைக்கும் காலம். மண்மேட்டுப் பொந்திலோ மரப்பொந்திலோ பாசி வைத்து, பெரும்பாலும் 2 முட்டை. அந்த மாதங்களில் ஸ்பீக்கர் வீட்டிலேயே இருக்கட்டும். மற்ற மாதங்களிலும் வேண்டாம். பாதையை விட்டுச் சோலைக்குள் கால் வைக்காதீர்கள். விடிவதற்கு முன்னால் போய், பாதை வளைவில் பேசாமல் உட்காருங்கள். குளிரும், அட்டை கடிக்கும், சரி. நீளக் கால்களால் தத்தித் தத்தி, சருகைப் புரட்டிக்கொண்டு பத்தடிக்குள் அதுவே வரும்.

அப்புறம், எனக்குப் படம் அனுப்பும்போது எந்த மலை, எந்த மாதம் என்று சேர்த்து எழுதுங்கள். எழுதும்போதே பாதிப் பேருக்கு என்னிடம் கேட்க ஒன்றும் இருக்காது.