ஆடிக் காற்றை எதிர்த்து ஒரு பழைய ஸ்கூட்டர்

ஆடி மாதத்தில் பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் சோதனைச் சாவடி வழியாகக் கேரளத்துச் சித்தூர்ப் பக்கம் பழைய பஜாஜ் சேத்தக்கில் போனவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். ஆக்ஸிலேட்டரை முழுவதும் முறுக்கிப் பிடித்தாலும் முள் 60-ஐத் தாண்டத் திணறும். அதே வண்டி மாலையில் கிழக்கே திரும்பும்போது 80-ஐ அலட்டிக்கொள்ளாமல் தொடும். மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு வழிவிட்டு நிற்கும் இடம் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு நுழைவதால், ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் போன்ற எல்லையூர்களில் வெறும் பழமொழியாக நின்றுவிடுவதில்லை. பழைய ஸ்கூட்டர் ஒன்றை 160 கி.மீ. வேகத்துக்கு விரட்ட நினைப்பவர் மோதுவதும் இதே காற்றோடுதான். அவருக்கு மட்டும் அது எல்லா மாதத்திலும் எதிர்க்காற்றாகவே வீசும்.

வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அந்தத் தடையை இரண்டு மடங்கு வேகத்தில் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருப்பதால், தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிவிடும். கால்களை மறைக்கும் முன்தகடான லெக் ஷீல்டும், அதற்குப் பின்னால் நாற்காலியில் அமர்ந்ததுபோல் நிமிர்ந்திருக்கும் ஓட்டுநரும் சேர்ந்து காற்றுக்குக் காட்டும் பரப்பைக் கொண்டு கணக்கிட்டால், 80 கி.மீ. வேகத்தில் காற்றை விலக்க மட்டும் ஏறக்குறைய 5 குதிரைத்திறன் செலவாகிறது. சேத்தக்கின் 145 சி.சி. இன்ஜின் மொத்தமாகத் தருவதே ஏழரை. அதே உருவத்தோடு 160-ஐ எட்ட வேண்டுமானால் காற்றுக்கே 40 குதிரைத்திறன் கட்டணம் கட்ட வேண்டும். கியர் பற்களை மாற்றிவிட்டால் வண்டி பறக்கும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். கியர் இருக்கும் திறனைப் பங்கிடுமே தவிர, புதிதாக எதையும் உண்டாக்காது.

இந்தக் கணக்கை இத்தாலியர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். 1951 பிப்ரவரியில் ரோமுக்கும் ஓஸ்தியாவுக்கும் இடையிலான சாலையில் டீனோ மாஸ்ஸோன்சீனி ஓட்டிய வெஸ்பா, மணிக்கு 171 கி.மீ. வேகத்தில் ஒரு கிலோமீட்டரைக் கடந்தது. அதன் இன்ஜின் 125 சி.சி. மட்டுமே. அந்த வண்டியை ஓட்டுநரோடு சேர்த்து டார்ப்பிடோ வடிவக் கூட்டுக்குள் அடைத்திருந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியின் மியூனிக் - இங்கோல்ஸ்டாட் நெடுஞ்சாலையில், காற்றை அழுத்தி ஊட்டும் சூப்பர்சார்ஜர் பொருத்திய 125 சி.சி. லாம்பிரெட்டாவில் ரோமோலோ ஃபெர்ரி 201 கி.மீ. வேகத்தைத் தொட்டார். அவற்றை ஸ்கூட்டர் என்று அழைப்பது சரிதானா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஆனால் பாதி வெற்றி உருவத்தால் வந்தது என்பதில் சந்தேகமில்லை.

உருவத்தைத் தொடாமல் திறனைக் கூட்ட விரும்புகிறவர்களுக்கு வழிகாட்டியது கிழக்கு ஜெர்மனி. இந்தப் பழைய ஸ்கூட்டர்களில் இருப்பது, பிஸ்டன் ஒரு முறை ஏறி இறங்குவதற்குள் ஒரு சுழற்சியை முடித்துவிடும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின். அதில் தனி வால்வுகள் இல்லை. பிஸ்டன் இறங்கும்போது சிலிண்டர் சுவரில் உள்ள வாசல்கள் திறப்பதால், எரிந்த புகையோடு சேர்ந்து புதிய பெட்ரோல் கலவையிலும் ஒரு பகுதி சைலன்சர் வழியே ஓடிவிடுகிறது. அந்நாட்டு மோட்டார் சைக்கிள் நிறுவனமான எம்.இசட்.-இன் பொறியாளர் வால்டர் காடன் 1950-களில் இந்த இழப்பை லாபமாக மாற்றினார். நடுவில் பருத்து முனையில் குறுகும் குழாயை அவர் பொருத்தினார். புகை வெளியேறும்போது எழும் அழுத்த அலை, குழாய் விரியும் இடத்தில் உறிஞ்சும் அலையாகத் திரும்பிச் சிலிண்டரைக் காலிசெய்கிறது. குறுகும் இடத்தில் அழுத்தும் அலையாகத் திரும்பி, தப்பியோடிய கலவையை வாசல் மூடுவதற்குள் உள்ளே தள்ளிவிடுகிறது. நிமிடத்துக்கு 8,000 சுற்றில் ஒரு சுற்றுக்கு 7.5 மில்லிவினாடிதான், வாசல் திறந்திருப்பது அதில் பாதி. சூடான புகையில் அலை வினாடிக்குச் சுமார் 500 மீட்டர் ஓடுவதால், போய்த் திரும்ப ஏறக்குறைய 90 செ.மீ. நீளம் தேவைப்படுகிறது. இந்தக் கணக்கு ஒரு குறிப்பிட்ட சுற்றுக்கு மட்டுமே பொருந்தும். அதற்குக் கீழே வண்டி மந்தமாகக் கிடந்து, அந்தச் சுற்றை எட்டியதும் திடீரெனப் பாய்வதற்கு இதுவே காரணம். 1961-இல் மேற்கே தப்பிச்சென்ற எம்.இசட். பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் இந்த அறிவைச் சுசுகிக்கு எடுத்துச் சென்று, மறு ஆண்டே அவர்களுக்காக 50 சி.சி. உலகப் பட்டத்தை வென்றார்.

கூடுதல் திறன் கூடுதல் வெப்பத்தையும் கொண்டுவருகிறது. மோட்டார் சைக்கிளின் இன்ஜின் நேரடியாகக் காற்றில் நிற்க, ஸ்கூட்டரின் இன்ஜினோ பக்கவாட்டு மூடிக்குள் அடைந்து, ஃப்ளைவீலில் உள்ள விசிறி தரும் காற்றை நம்பி வாழ்கிறது. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினிய பிஸ்டன், வார்ப்பிரும்புச் சிலிண்டரைப்போல் இரு மடங்கு விரியும் என்பதால், கலவையில் பெட்ரோல் சற்றுக் குறைந்தாலே சூடு ஏறி, இரண்டுக்கும் இடையிலான இடைவெளி மறைந்து இன்ஜின் ஜாம் ஆகிவிடும். அனுபவமுள்ள மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பது இதற்காகத்தான்: காப்பிப்பொடி நிறம் நலம், வெளுத்திருந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும்.

இவ்வளவையும் கடந்த பிறகும் சக்கரம் மிச்சமிருக்கிறது. பத்து அங்குல ரிம்மில் மாட்டிய டயர் 160 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 2,000 முறை சுழல்கிறது. அப்போது அதன் மேல்பரப்பில் உள்ள ஒவ்வொரு கிராம் ரப்பரும், முக்கால் கிலோவுக்கு மேற்பட்ட எடை தொங்குவதுபோல் வெளியே இழுபடுகிறது. ஆடி மாதத்து மதியச் சாலையின் சூட்டில், பத்து ஆண்டுக்கு முன் வாங்கிய டயர் அந்த இழுப்பை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைப் பஞ்சர் கடைக்காரர் ஓரத்து வெடிப்புகளைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார்.