ரிப்போர்ட் எல்லாம் நார்மல், கால் மட்டும் நடக்கவில்லை

எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. ரத்தப் பரிசோதனையும் நரம்புக் கடத்தல் சோதனையும் முடிந்துவிட்டன. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருப்பவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நரம்பியல் நோயாளிகளுக்குச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்டான என்னிடம் இப்படிப் பலர் வந்து சேர்கிறார்கள். கையில் தடிமனான ஃபைல் இருக்கும். உடன் வந்த உறவினர்களின் முகத்தில் சந்தேகம் இருக்கும்.

இவர்களில் பலருக்கு இருப்பது செயல்சார் நரம்பியல் கோளாறு. மருத்துவர்கள் சுருக்கமாக எஃப்.என்.டி. என்பார்கள். மூளையில் கட்டியோ ரத்தக்குழாய் அடைப்போ இருக்காது. மூளை உடலை இயக்குவதிலும், உடலிலிருந்து வரும் உணர்வுகளைப் புரிந்துகொள்வதிலும் பிசகு ஏற்பட்டிருக்கும். கை கால் தளர்ச்சி, நடுக்கம், மரத்துப்போதல், நடைத் தடுமாற்றம், குரல் அடைத்துப்போதல், வலிப்பைப் போன்ற தாக்கம் எனப் பல விதமாக இது வெளிப்படும். இது அபூர்வமான நோயும் அல்ல. ஸ்காட்லாந்தின் நரம்பியல் புறநோயாளிகளிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில், தலைவலிக்கு அடுத்தபடியாக அதிகம் பேர் வந்தது இத்தகைய அறிகுறிகளோடுதான்.

ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து இந்த நோயை முடிவு செய்யக் கூடாது. இதற்கென்றே தனி அடையாளங்கள் உண்டு. சார்லஸ் ஃபிராங்க்ளின் ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் 1908ல் விவரித்த சோதனையை இன்றும் செய்கிறோம். படுத்திருப்பவரிடம், தளர்ந்த காலின் குதிகாலை மெத்தையில் அழுத்தச் சொல்கிறோம். அவரால் முடிவதில்லை. அடுத்து, நல்ல காலை நம் கையின் எதிர்ப்பை மீறித் தூக்கச் சொல்கிறோம். அவருடைய கவனம் முழுவதும் நல்ல காலில் இருக்கும்போது, தளர்ந்த காலின் குதிகால் தானாகவே மெத்தையில் பலமாக அழுத்துகிறது. நடுக்கத்துக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. நடுக்கம் இல்லாத கையால், நாம் தரும் தாளத்துக்குத் தட்டச் சொன்னால், மறு கையின் நடுக்கம் நின்றுபோகும் அல்லது அந்தத் தாளத்துக்கே மாறிவிடும்.

தசைக்குப் பலம் இருக்கிறது, நரம்பின் பாதையும் திறந்திருக்கிறது, ஆனால் "இப்போது அசைக்கிறேன்" என்று நினைத்து முயலும்போது மட்டும் இயக்கம் வரவில்லை என்பதைத்தான் இந்தச் சோதனைகள் காட்டுகின்றன. மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு அடியையும் யோசித்து வைத்துப் பாருங்கள், நன்றாக நடப்பவருக்கே கால் தடுமாறும். எஃப்.என்.டி. உள்ளவரின் மூளை அந்தக் கண்காணிப்பில் சிக்கிக்கொண்டு வெளியே வர முடியாமல் இருக்கிறது.

குடும்பத்தார் இந்தச் சோதனைகளைத் தவறாகப் புரிந்துகொள்வது இந்தக் கட்டத்தில்தான். ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். காய்ச்சலில் படுத்து எழுந்த ஓர் இளம் தாய்க்கு வலது கால் விழுந்துவிட்டது. காலைத் தரையில் தேய்த்துக்கொண்டேதான் நடப்பார். பின்னோக்கி நடக்கச் சொன்னேன்; தேய்ப்பு பாதியாகக் குறைந்தது. பள்ளியில் ஆடிய கும்மி நினைவிருக்கிறதா என்று கேட்டு, கைதட்டலோடு ஆடச் சொன்னேன். கால் தாளத்துக்குச் சரியாக வந்து விழுந்தது. அவர் கண்கள் கலங்கின. சுவரோரம் நின்றிருந்த கணவர், "பார்த்தீர்களா மேடம், நடக்கத் தெரிகிறது. வீட்டில் மட்டும் இப்படிச் செய்கிறாள்" என்றார்.

மனைவி குணமாவார் என்பதற்குக் கிடைத்த மிக நல்ல சான்றை, அவர் நடிக்கிறார் என்பதற்கான சான்றாகக் கணவர் எடுத்துக்கொண்டார். இதனால்தான் இந்தச் சோதனைகளை நான் குடும்பத்தார் முன்னிலையிலேயே செய்து, அங்கேயே விளக்குகிறேன். நடிப்பவர் பொதுவாக மருத்துவரிடம் மாட்டிக்கொள்ளப் பயப்படுவார். இவரோ எங்கே எளிதாக நடக்க முடிகிறது என்பதை நமக்கே காட்டுகிறார். 2010ல் வெளியான ஒரு மூளைப் படமெடுப்பு ஆய்வில், செயல்சார் நடுக்கம் உள்ளவர்களுக்கு நடுக்கம் தானாக வரும்போதும், அதே நடுக்கத்தை அவர்கள் வேண்டுமென்றே செய்து காட்டும்போதும் மூளையைப் பார்த்தார்கள். "இதைச் செய்வது நான்தான்" என்ற உணர்வோடு தொடர்புள்ள வலப்பக்க மூளைப் பகுதி, நடுக்கம் தானாக வந்தபோது குறைவாகவே இயங்கியது. கை நடுங்குகிறது, அதை நடுக்குவது தானல்ல என்று அவர்கள் சொல்வது உண்மை.

சிகிச்சையும் இதே அடையாளங்களிலிருந்துதான் தொடங்குகிறது. கரண்ட் வைப்பது, எண்ணெய் தேய்ப்பது, காலைப் பிடித்து நாமே மடக்கி நீட்டுவது எல்லாம் இங்கே அதிகம் பயன் தருவதில்லை. நோயாளியின் கவனத்தை மறுபடி அந்தக் காலிலேயே கொண்டுபோய் நிறுத்துகின்றன. காலை இறுக்கிக் கட்டும் பட்டைகள் பல சமயம் நிலைமையை மோசமாக்கும். கவனத்தை வேறு பக்கம் திருப்பி, தானாக வரும் அசைவைப் பிடித்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. காலடியில் துணி போட்டு வழுக்கியபடி நகர்வது, பாட்டுக்கு நடப்பது, பந்தைத் தட்டிக்கொண்டே நடப்பது என்று தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாதாரண நடைக்கு வருகிறோம். நன்றாக இருக்கும் நாளில் வீட்டு வேலை அத்தனையையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு மறுநாள் படுத்துவிடுவது பெரும்பாலோரிடம் காணும் பழக்கம். உழைப்பையும் ஓய்வையும் அளந்து பிரிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

எல்லோருக்கும் முழுக் குணம் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுப்பதில்லை. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 355 பேரை வைத்து நடந்து 2024ல் வெளியான ஆய்வில், இத்தகைய சிறப்பு இயன்முறை சிகிச்சை பெற்றவர்களில் கூடுதலானோர் தங்கள் இயக்கம் மேம்பட்டதாகச் சொன்னார்கள். ஆனால் உடல் செயல்திறனை அளந்த முதன்மை மதிப்பெண்ணில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு பெரிய வேறுபாடு இல்லை. சிலர் முழுமையாக மீள்கிறார்கள், சிலர் பாதி தூரம் வருகிறார்கள், சிலருக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. நோயை ஆரம்பத்திலேயே சரியாக விளக்கினால் வாய்ப்புகள் கூடுகின்றன என்பது என் அனுபவம்.

வலிப்பு போன்ற தாக்கம் வருகிறவர்களின் பாடு இன்னும் கடினம். சரியான நோயறிதல் கிடைக்கவே பலருக்கு ஆண்டுக்கணக்கில் ஆகிறது. அதுவரை வலிப்பு மாத்திரைகளை விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். தாக்கத்தின்போது கண்கள் இறுக மூடியிருப்பது, நெடுநேரம் நீள்வது, தலை இருபுறமும் ஆடுவது ஆகியவை துப்புத் தரும். ஆனாலும் அதை வைத்து வீட்டிலேயே முடிவு கட்ட வேண்டாம். தாக்கம் நடக்கும்போதே நோயாளியின் அசைவையும் மூளையின் மின் அலைகளையும் சேர்த்துப் பதிவு செய்யும் வீடியோ இ.இ.ஜி. தான் உறுதியான வழி. கைப்பேசியில் எடுத்த வீடியோவும் நரம்பியல் மருத்துவருக்குப் பெரிதும் உதவும். இவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு உண்மையான கால்கை வலிப்பும் சேர்ந்தே இருப்பதால், மாத்திரைகளைத் தாமாக நிறுத்தக் கூடாது. தாக்கம் வரும்போது கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள், கிள்ளாதீர்கள், மூக்கில் காரமான நெடியைக் காட்டாதீர்கள். அடிபடாமல் பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில் பேசிக்கொண்டிருங்கள். முதல் முறையாக வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, இது எந்த வகை என்று தெரியாமல் ஐந்து நிமிடம் தாண்டினாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மனநல மருத்துவரிடம் அனுப்பினால் பலர் மனம் உடைந்துவிடுகிறார்கள், "அப்படியானால் நான் பைத்தியமா?" என்று கேட்கிறார்கள். மன அழுத்தமோ பழைய துயரமோ சிலருக்கு இந்த நோயைத் தூண்டும். வேறு சிலருக்குச் சிறு காயம், காய்ச்சல், ஒற்றைத் தலைவலி, அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்குப் பிறகு வரும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வகைப்பாட்டு நூலில், மன உளைச்சல் இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையை 2013லேயே நீக்கிவிட்டார்கள். இருந்தாலும் எண்ணப் போக்கையும் பயத்தையும் கையாளக் கற்றுத்தரும் உளவியல் சிகிச்சை, தாக்கம் வருகிறவர்களில் பலருக்கு அன்றாட வாழ்க்கையை எளிதாக்குகிறது. மனச்சோர்வு அதிகமாக இருந்தால் அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஒன்றைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். "கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்" என்று பெண்ணைப் பெற்றவர்களிடம் இன்னமும் சொல்கிறார்கள். திருமணம் இந்த நோய்க்கு மருந்தல்ல. நோயை மறைத்துப் புகுந்த வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்கள், அங்கே முதல் தாக்கம் வந்த அன்றே நடிப்புக்காரி என்ற பெயரைச் சுமக்கிறார்கள்.

எஃப்.என்.டி. உள்ளவருக்கு வேறு நோய் வராது என்பதும் இல்லை. புதிதாகப் பார்வை மங்கினாலோ, முகம் ஒருபுறம் கோணினாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, "இதுவும் அதேதான்" என்று வீட்டில் வைத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். முதலில் கொடுத்த நோயறிதல் குறிப்பின் நகலையும், எந்தச் சோதனையை வைத்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதையும் எழுதி வாங்கி ஃபைலில் மேலாக வையுங்கள். இரவில் அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் புதிய மருத்துவர் முதலில் பார்ப்பது அந்தத் தாளாக இருக்கட்டும்.